இடத்தை விற்கும் ஆய்வும் கொத்தமல்லிக் கட்டும்

நாற்பத்தெட்டு வயதில் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததற்கு அறிவுத் தாகம் காரணமல்ல. எங்கள் கல்லூரி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. பட்டம் இல்லாத ஆசிரியர்கள் இனி வகுப்பெடுக்க வேண்டியதில்லை, மாணவர் சேர்க்கைப் பிரிவில் சேவை செய்யலாம். அந்தச் சேவை என்னவென்றால், மே மாத வெயிலில் சிங்காரப்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிப் பெயர் போட்ட தொப்பியோடு நின்று, பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு இறங்கும் பெற்றோரை மடக்குவது. எனக்குத் தொப்பிகள் பொருந்துவதில்லை. தலை பெரியது. உள்ளே இருப்பதைப் பற்றி ஆய்வுக் குழுவுக்கு வேறு கருத்து இருந்தது.

தலைப்பு தேடியபோது 'பிளேஸ் பிராண்டிங்' கண்ணில் பட்டது. சோப்புக்கட்டிக்குப் பெயரும் உறையும் போட்டு விற்பதுபோல ஒரு ஊரை, சமயத்தில் ஒரு நாட்டையே, வெளியாட்களுக்கு விற்பது. இந்தத் துறையில் ஆய்வுகள் எப்படி வளர்ந்தன என்று எழுத வேண்டும். கவனிக்கவும், நான் ஊரை விற்கப்போவதில்லை. விற்பவர்களைப் பற்றி எழுதப்போவதுமில்லை. விற்பவர்களைப் பற்றி எழுதியவர்களைப் பற்றி எழுதப்போகிறேன். உழைப்பிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி நிற்கும் வேலை எனக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

அதோடு நான் ஓசூர்வாசி. இங்கே ஊர்ப்பெயர் என்பது பெரும்பாலும் பக்கத்து ஊரின் பெயர். மனை விற்பவர்கள் வைத்த பலகைகளில் ஓசூர் எப்போதும் பெங்களூரிலிருந்து இத்தனை நிமிடம் என்றுதான் இருக்கும். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் லாரிக்குப் பின்னால் நின்றவர்கள் அந்த நிமிடங்களை ஹெலிகாப்டரில் அளந்திருக்கிறார்கள் என்பதை அறிவார்கள். வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைச் சின்ன இங்கிலாந்து என்றார்களாம். பிறகு தொழில் நகரம், அப்புறம் ரோஜா நகரம். ஆக, ஓசூர் பல காலமாக ஓசூராக இல்லாமல் இருப்பதில் நல்ல பயிற்சி பெற்ற ஊர். நான் அதைப் பார்த்து எழுதினால் போதும் என்று நினைத்தேன்.

படிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு குறைந்தது. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. ரயில் கம்பெனிகளும் கடலோரச் சுற்றுலா ஊர்களும் சுவரொட்டி அடித்த காலம். 'வாருங்கள், காற்று நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் ஒரு கோட்பாடும் கிடையாது. அதன் பிறகு மேற்கு நாடுகளில் சுரங்கமும் ஆலையும் மூடிய நகரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் விளம்பரக்காரர்களைக் கூப்பிட்டார்கள். ஆலையை மறுபடி திறப்பதைவிட ஒரு முழக்க வாசகம் எழுதுவது சுலபம். அந்தச் சத்தத்தைக் கேட்டு மார்க்கெட்டிங் பேராசிரியர்கள் உள்ளே வந்தார்கள். ஊர் ஒரு பொருள், முதலீட்டாளர், சுற்றுலாப் பயணி, குடியிருப்பவர் மூவரும் அதன் வாடிக்கையாளர்கள் என்றார்கள். இருபது வருடமாக நான் ஓசூரின் வாடிக்கையாளராக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புகார் எண் மட்டும் கிடைக்கவில்லை.

அவர்களுக்குப் பின்னால் பிராண்ட் ஆட்கள் வந்தார்கள். கம்பெனிக்கு ஒரு குணம் இருப்பதுபோல ஊருக்கும் ஒரு குணம் உண்டு, அதை அளக்கலாம், தரவரிசை போடலாம் என்றார்கள். 'இந்த ஊர் ஒரு ஆளாக இருந்தால் எப்படிப்பட்ட ஆள்?' என்று கேட்பது அவர்களுடைய முறை. நானும் சிப்காட் பக்கம் போய்க் கேட்டேன். விழுப்புரத்திலிருந்து வந்து ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர் ஒருவர் யோசிக்கவே இல்லை. "மூணு ஷிப்ட் சேத்துப் பாத்துட்டுத் தூங்காம நிக்கிற ஆளு சார்" என்றார். அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்மணி, "ஹவுஸ் ஓனர் மாதிரி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். நம்பகம், உற்சாகம், நளினம் என்று என் படிவத்தில் கட்டங்கள் இருந்தன. இந்த இரண்டு பதில்களும் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

கடைசியாக வந்தவர்கள் கோபக்காரர்கள். புவியியல், சமூகவியல் ஆட்கள். ஊர் யாருடையது, அதை விற்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது, உங்கள் அழகான படத்திலிருந்து யாரையெல்லாம் வெட்டிவிட்டீர்கள் என்று கேட்டார்கள். குடியிருப்பவர் வாடிக்கையாளர் அல்ல, அந்த ஊர்ப்பெயரைத் தினமும் செய்பவரே அவர்தான், அவரிடம் போய்க் கேளுங்கள் என்றார்கள். பல பத்தாண்டுகள் நடந்து இந்தத் துறை வந்து சேர்ந்த இடம் இதுதான்: ஊரைப் பற்றி ஊர்க்காரரைக் கேட்கலாம்.

ஏறக்குறைய ஒவ்வொரு கட்டுரையின் முதல் பத்தியும் இத்துறை வேகமாக வளர்ந்துவருகிறது என்று சொல்லும். கடைசிப் பத்தி இத்துறைக்கு இன்னும் உறுதியான வரையறை இல்லை என்று சொல்லும். நடுவில் ஆசிரியர் குடியிருக்கும் ஊர் இருக்கும். இதையெல்லாம் நூற்றுச்சொச்சம் பக்கம் எழுதி என் நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் என்னைவிட வயதில் இளைய பெண்மணி. அதனால் என்னைத் திட்டும்போதும் சார் போடுவார்.

"வரலாறு நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். இதுல உங்க பங்கு என்ன?"

"படிச்சிருக்கேனே மேடம்."

"அது தண்டனை சார், பங்கு இல்ல. கோபக்காரங்க சொல்றாங்க இல்லையா, ஊர்க்காரங்களைக் கேளுன்னு? போய்க் கேளுங்க. புதுசா ஒண்ணாவது கொண்டுவாங்க. இல்லேன்னா குழு ஒத்துக்காது."

அதனால்தான் நான் கெலவரப்பள்ளி அணை ஓரம் இருந்த ஒரு கிராமத்துக்கு நாற்பது கேள்விகளோடு போனேன். மழை பெய்து மதகு திறந்தால் அங்கே ஆற்றில் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு எழும்பும். மேலே பெங்களூரிலிருந்து வரும் கழிவுநீரின் கைங்கரியம். டிவிக்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள். அந்த நுரையின் முன்னால் நின்று கல்யாணப் புகைப்படம் எடுத்த ஜோடியை நானே பார்த்திருக்கிறேன். பனிமலை என்று நினைத்தார்களோ என்னவோ. ஊருக்கு ஒரு முகம் வேண்டும் என்று பேராசிரியர்கள் சொன்னார்கள். இந்த ஊருக்கு அது கேட்காமலே கிடைத்திருந்தது.

நாற்பது கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது ஒரே ஒருவர்தான். ஒரு ஏக்கர் நிலத்தில் கொத்தமல்லியும் புதினாவும் போடும் ஒரு அக்கா. கணவர் ஆலை வேலைக்குப் போகிறார், பயிர் முழுக்க இவர் பாடு. உங்கள் ஊர்ப்பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு என்ன தோன்றும் என்று இருபத்தேழாவது கேள்வியில் கேட்டேன். "ஒண்ணும் தோணாதுங்க சார், எல்லா ஊரும் ஒரே மாதிரிதான்" என்றார். நானும் 'நடுநிலை' என்று கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனேன். மாடு விற்பவர்கள் மாட்டோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து விற்பார்கள் என்று கேள்விப்பட்டு, அதைக் குறித்துக்கொள்ளத்தான் போனேன். மாட்டைத் தாண்டித் தழைக் கடைகள் பக்கம் வந்தபோது அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். முன்னால் கோணிச்சாக்கில் ஈரமாகக் கொத்தமல்லிக் கட்டுகள். எதிரே ஒரு வியாபாரி. பெங்களூர் ஓட்டல்களுக்கு வேனில் தழை ஏற்றுபவர், நாலு மொழியும் ஒரே வாக்கியத்தில் பேசுபவர். ஒரு கட்டைப் பிரித்து முகர்ந்தார்.

"எல்லிந்த வந்தது அம்மா? எங்கத்துத் தழை?"

"சூளகிரிதுங்க. வேற எங்கத்துது?"

கொத்தமல்லிக்குப் பேர்போன ஊர் சூளகிரி; இவர் ஊர் அதுவல்ல. நான் பரவசமானேன். இத்தனை மாதம் படித்ததெல்லாம் கண் முன்னால் நடக்கிறது! இந்த மாதிரித் தருணத்தில் ஒரு ஆய்வாளன் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற என் வகுப்பறைக் குரலில் கூப்பிட்டேன்.

"அக்கா! நீங்க கெலவரப்பள்ளி அக்காதானே? போன மாசம் உங்க வீட்டுல உக்காந்து நாப்பது கேள்வி கேட்டேனே, ஞாபகம் இல்லையா?"

வியாபாரியின் கை கட்டிலேயே நின்றது. பக்கத்தில் பூண்டு விற்றுக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் திரும்பினார்.

"கெலவரப்பள்ளியா? நுரை பொங்குமே, அந்த ஊரா?"

"இவ்ளோ நாளா அந்தத் தழையா இது?"

வியாபாரி கட்டைக் கோணிமேல் வைத்தார். "இன்னிக்கு லோடு போதும்மா" என்று சொல்லி வேன் பக்கம் நடந்தார். அதைப் பார்த்து, வாங்க நின்ற இன்னும் இரண்டு பேரும் நகர்ந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபத்தைவிட அசதி அதிகமாக இருந்த பார்வை அது.

"இங்க எதுக்கு சார் வந்தீங்க?"

"ஆராய்ச்சிக்கு..."

"நாப்பது கேள்வி பத்தலயா? பதில் சொன்னதுக்குக் கூலியா இது?"

விற்காத கட்டுகளை வண்டியில் ஏற்ற உதவினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. ஏற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்க நெலம் மேட்டுல இருக்குது. ஆத்துத் தண்ணி ஏறவே ஏறாது. முழுக்க போர் தண்ணி. அத யார்கிட்ட போய்ச் சொல்றது? டிவில நுரையக் காட்டறாங்க, என் போரக் காட்டறாங்களா?"

"ஓசூர்லயே உழவர் சந்தை இருக்கே அக்கா?"

"அங்க அடையாள அட்டைல ஊரு பேரு போட்டுக் கைல குடுத்துடறாங்களே சார். அதுக்கோசரம்தான் இவ்ளோ தூரம் வந்துகினு இருக்கேன். இந்தச் சந்தையும் போச்சுன்னா தழைய மாட்டுக்குத்தான் போடணும்."

அன்று சாயங்காலம் நெறியாளரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். மனசாட்சி உறுத்தியதால்தான் சொன்னேன். அவர் குதூகலித்தார்.

"சார்! இதுதான் சார்! எல்லாரும் ஊர்ப் பேரை எப்படி ஒட்டறதுன்னு எழுதறாங்க. எப்படிப் பிய்க்கிறதுன்னு நீங்க எழுதப்போறீங்க. ஊர் பேரு, சந்தை பேரு, அந்தம்மா போட்டோ, ஒப்புதல் கையெழுத்து, எல்லாம் வேணும். இது ஒண்ணு போதும், நீங்க தப்பிச்சீங்க."

ஒரே நாளில் இருவர் வாழ்க்கையை மாற்றியிருந்தேன். என்னுடையது மேலே, அவருடையது கீழே.

அவருடையதைச் சரிசெய்யாமல் என்னுடையதைக் கொண்டாடக் கூச்சமாக இருந்தது. அதனால் நூல்களில் படித்த மருந்தையே கொடுக்கப் பார்த்தேன். கெட்ட பெயர் எடுத்த ஊர்கள் நம்பகமான தகவலைக் கொண்டு அதைத் துடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவருடைய போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். தண்ணீரில் குறை இல்லை என்று அறிக்கை வந்தது. அதை லேமினேட் செய்து, கயிறு கட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவின் குடைக்கம்பியில் தொங்கவிட்டேன். அவர் தடுத்துப் பார்த்தார். "சும்மா இருங்க அக்கா, இது விஞ்ஞானம்" என்றேன்.

காலையிலிருந்து பத்துப் பேர் நின்று படித்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

"சர்டிபிகேட்டு எதுக்கு மாட்டி வெச்சுகினு இருக்காங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏதோ இருக்குது. ஒண்ணும் இல்லாமயா மாட்டுவாங்க? இங்க வேற யாராவது மாட்டியிருக்காங்களா பாரு" என்றார் கூட வந்தவர்.

பூண்டு அம்மா என்னைப் பார்த்து, "இவர்தான் போன வாரம் வந்து சொன்ன ஆளு. இந்த வாரம் பேப்பரோட வந்திருக்காரு. அடுத்த வாரம் போலீஸோட வருவாரு" என்றார்.

அப்போதுதான் வேன் வியாபாரி என் கையைப் பிடித்து மாட்டுச் சந்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"மேஷ்ட்ரே, நீங்க காலேஜ்ல பாடம் எடுக்கறவரா?"

"ஆமாங்க."

"என்ன பாடம்?"

"வியாபாரம்..."

அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அந்தம்மா எந்த ஊருன்னு எனக்கு ரெண்டு வருசமா தெரியும். நெலத்துல போய்ப் பாத்துட்டுத்தான் வாங்க ஆரம்பிச்சேன். மேட்டு நெலம், போர் தண்ணி, தழை வாசமா இருக்கும், ஓட்டல்காரன் அதையேதான் கேக்கறான். வாராவாரம் எங்கத்துதுன்னு கேப்பேன், சூளகிரின்னு அந்தம்மா சொல்லும். பக்கத்துல இருக்கறவங்க கேக்கறதுக்குத்தான் அது. எனக்கு இல்ல."

"அப்ப ஏன் வாங்காம போனீங்க?"

"நீங்க சத்தமா சொல்லிட்டீங்களே! நாலு பேர் முன்னால தெரிஞ்சப்புறம் நான் வாங்கினா, நாளைக்கு எவனாவது ஓட்டல்ல போய்ச் சொல்லுவான். தெரிஞ்சே வாங்கினான்னு பேராயிடும். தெரியாத வரைக்கும்தான் எனக்கு வியாபாரம்."

ரயில் சுவரொட்டியில் தொடங்கிக் கோபக்காரர்கள் வரை நான் படித்த அத்தனை வருட ஆய்வும் எனக்குச் சொல்லாததை, ஜெர்சிக் கன்று ஒன்று என் சட்டையை நக்கிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் இவர் சொல்லிவிட்டார். ஊர்ப்பெயரை விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து அதைப் பேசாமல் இருப்பதுதான் அந்தப் பெயர். என் கைகள் தானாகவே பையில் நோட்டைத் தேடின. அவர் அதைப் பார்த்தார்.

"எழுதறத விடுங்க மேஷ்ட்ரே. நீங்கதான் கெடுத்தீங்க, நீங்கதான் சரி பண்ணணும். அடுத்த வாரம் வாங்க. அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல, ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லுங்க. நான் லோடு எடுத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பையில் ஒப்புதல் படிவம் இருந்தது. நெறியாளர் அதற்குள் மூன்று முறை நினைவூட்டியிருந்தார். வியாபாரி சொன்னதை முதலில் சொன்னேன். அப்புறம், உண்மையை மறைக்கக் கூடாது என்று மனசுக்குள் ஒரு பாடம் எடுத்துக்கொண்டு, படிவத்தையும் வெளியில் எடுத்தேன்.

"இது என்ன சார்?"

"நீங்க ஊர்ப் பேரை மாத்திச் சொல்லி விக்கறதை என் புத்தகத்துல எழுதலாமான்னு..."

"யாரு படிப்பாங்க அத?"

பொய் சொல்ல வராத விஷயம் இது ஒன்றுதான். "யாரும் படிக்க மாட்டாங்க அக்கா. மூணு பேரு. அவங்களும் முழுசாப் படிக்க மாட்டாங்க."

"யாரும் படிக்காத புஸ்தகத்த எதுக்கு எழுதறீங்க?"

"எழுதலைன்னா என் வேலை போயிடும்."

அவர் கீரையிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார். ஆனா உங்க புஸ்தகத்துல எழுதிட்டீங்கன்னா, எப்பவாவது ஒருத்தன் படிப்பான். சந்தைல நீங்க வந்து நின்ன மாதிரியே அவனும் வந்து நிப்பான். வெள்ளிக்கிழமை வருவீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

படிவத்தை மடித்து உள்ளே வைத்தேன். எனக்குக் காபி தந்த டம்ளரின் கீழ் அதைத் தெரியாமல் வைத்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் தோன்றியதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனேன். நடிப்புக்கு ஆதாரம் வேண்டுமே. தழைக் கடைகளுக்கு நடுவில் நின்றேன். வியாபாரி இரண்டு கடை தள்ளி, புதினாவை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க!" இந்தக் குரலில்தான் இருபது வருடம் இருப்புநிலைக் குறிப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "ஆள் மாறிப்போச்சு. கெலவரப்பள்ளி அக்கா வேற. உங்களை மாதிரியே இருப்பாங்க. நேத்து அவங்களைப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க சூளகிரி. எனக்குக் கண்ணு சரியில்ல."

பூண்டு அம்மா விடவில்லை. "அப்ப அந்தப் பேப்பரு?"

"அதுவும் அந்த அக்காவோடதுதாம்மா. இங்க கொண்டாந்து தப்பா மாட்டிட்டேன்."

"அந்தப் பொம்பள வேணான்னுதான் சொல்லிகினு இருந்தா, நான் பாத்தேன்" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "பாவம், ரொம்பப் படிச்சா இப்படித்தான் ஆயிடுது. வீட்டுல ஆளுங்க இருக்காங்களா இவருக்கு?"

வியாபாரி அப்போதுதான் வந்தவர்போல வந்தார். "எங்கத்துத் தழை அம்மா?"

"சூளகிரிதுங்க."

கட்டுகள் வேனில் ஏறின. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் சரி. என்னைத் தெரியாதவர் என்னைப் பார்த்து எதற்குச் சிரிக்க வேண்டும்?

ஆய்வுக் குழு அடுத்த மாதம் கூடியது. வளர்ச்சி வரலாறு பற்றிய இயல் இருந்தது, சிப்காட்காரரின் தூங்காத ஆள் இருந்தார், ஹவுஸ் ஓனர் இருந்தார். சந்தையைப் பற்றி வரவேண்டிய இருபது பக்கம் மட்டும் நடுவில் இல்லை. நெறியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் முன்தினமே சொல்லியிருந்தேன். அரை மணி நேரம் வாதாடிவிட்டு, "உங்களுக்கு இனிமே ஒரு நீட்டிப்புதான் பாக்கி சார், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

குழுவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் களப்பயண விவரத்தை விரலால் தடவினார்.

"குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு அடுத்தடுத்து மூணு வெள்ளிக்கிழமை போயிருக்கீங்க. ஆனா ஆய்வேட்டுல அதைப் பத்தி ஒரு வரி இல்ல. அங்க என்னதான் பாத்தீங்க?"

"கொத்தமல்லி வாங்கினேன் சார்."

நெறியாளர் இருமினார்.

"மூணு வாரமுமா? அவ்வளவு விசேஷமா? எந்த ஊர்த் தழை அது?"

நீட்டிப்பு, வேலை, இருபது பக்கம் எல்லாம் அந்தக் கேள்வியின் மறுபக்கத்தில் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தால் போதும்.

"சூளகிரிது சார்" என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.